வாளி ஏந்திய கரங்கள்

காலையில் நாளிதழைப் பிரித்தால் நம் உள்ளம் கலங்குகிறது. விபத்து, வெள்ளம், வஞ்சகம்! ‘உலகம் கெட்டுவிட்டது’ என்று மடித்து வைத்துவிடுகிறோம். ஆனால், அது உண்மையின் ஒரு பாதியே.

2017 சனவரி 28 அன்று எண்ணூர் காமராசர் துறைமுகத்தருகே இரு கப்பல்கள் மோதின. கசிந்த எண்ணெய் திருவொற்றியூர், இராயபுரம் கடந்து மெரினா வரை பரவியது. எர்ணாவூர்க் கரையில் அது தாரெனத் திரண்டது. உறிஞ்சு குழாய்களும் அடைபட்டன. அப்போது மாணவர், மீனவர், கடலோரக் காவற்படையினர் எனப் பலர் பாறைகளின்மேல் வரிசையாய் நின்று வாளிகளால் அதை அள்ளினர். மீன் வாங்க மக்கள் அஞ்சியதால் வருவாய் இழந்தவர்கள் மீனவர்கள். அவர்களும் அவ்வரிசையில் நின்றனர்!

2023 டிசம்பரில், மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர்க் கழிமுகத்தில் மீண்டும் எண்ணெய் புகுந்தது. மீனவர்கள் மீண்டும் படகேறிச் சென்று அள்ளினர்.

நன்மையைக் காண்பது தீமைக்குக் கண்மூடுவதன்று. நீதி கேட்பதை நிறுத்துவதுமன்று. செய்தியைப் படித்ததும் ‘யார் செய்த குற்றம்?’ என்று கேட்கும் நாம், ‘யார் துன்புறுகிறார்? நம்மால் இயல்வது யாது?’ என்றும் நம் இல்லங்களில் கேட்போம். வருவாய் இழந்த வீட்டிற்கு நாம் அளக்கும் ஒரு படி அரிசியும் ஒரு வாளியே.