இல்லத் தோட்டமும் இணைய அறிவும்

தோட்டக்கலை பற்றி நல்ல நூலொன்று கிடைக்காதா என்று ஏங்கிய காலம் ஒன்று இருந்தது. இன்று நூலுக்கும் செய்திக்கும் பஞ்சமில்லை. தெரிந்தெடுக்கும் திறனுக்கே பஞ்சம். கொல்லையில் நான்கு கத்தரிச் செடியும் ஒரு சுரைக்கொடியும் வளர்க்க விரும்பும் ஒருவர் கைப்பேசியைத் தொட்ட மாத்திரத்தில் ஆயிரம் அறிவுரைகள் வந்து குவிகின்றன. அவற்றுள் பெரம்பலூர், அரியலூர் மாவட்டத்து மண்ணுக்கு உதவுவன எவை, உதவாதன எவை என்று எண்ணிப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம். தமிழ்த்துறை மலருக்கு இது புறம்பான பொருளாயிற்றே என ஐயுறுவோர் சற்றுப் பொறுத்தருள வேண்டும்.

ஒரேயொரு இலையை எடுத்துக்கொள்வோம். வெண்டைச் செடியின் இலை மஞ்சளாகிறது. உடனே இணையத்தில் 'வெண்டை இலை மஞ்சள்' எனத் தேடுகிறோம். ஒருவர் உரம் போடச் சொல்கிறார். மற்றொருவர் மோர்க்கரைசல் தெளிக்கச் சொல்கிறார். வேறொருவர் தண்ணீரைக் குறைக்கச் சொல்கிறார். இலையை உற்றுப் பாருங்கள் என்று சொல்வார் அரியர். நரம்புகள் மஞ்சளாகி, இடைப்பகுதி பச்சையாக இருப்பின் அது மஞ்சள் நரம்புத் தேமல் நோய். வெள்ளை ஈயால் பரவும் நச்சுயிரி நோய் அது. வந்த செடிக்கு மருந்தில்லை, பிடுங்கி அகற்றுவதே வழி. இதற்கு நேர்மாறாக, இளம் இலைகளில் நரம்பு பச்சையாக நிற்க, இடைப்பகுதி மட்டும் வெளிறினால் அது இரும்புச்சத்துக் குறைவு. லிட்டருக்கு 5 கிராம் அன்னபேதி கரைத்து, சிறிது எலுமிச்சைச் சாறும் சேர்த்துத் தெளித்தால் செடி தேறிவிடும். முன்னதைப் பின்னதாகக் கருதி மருந்தடித்துக் காத்திருந்தால் பாத்தி முழுவதும் நோய் பரவும். பின்னதை முன்னதாகக் கருதினால் பிழைக்கக்கூடிய செடியைப் பிடுங்கி எறிந்துவிடுவோம்.

இந்த இரண்டாம் குறைபாடு நம் பகுதிக்கு அயலானதன்று. அரியலூர் நிலம் ஒருகாலத்தில் கடலின் அடியில் கிடந்தது. வாரணவாசி அருங்காட்சியகத்திலுள்ள புதைபடிவங்கள் அதற்குச் சான்று. அக்கடல் விட்டுச்சென்ற சுண்ணாம்புக்கல்தான் இன்று சிமெண்டு ஆலைகளுக்குத் தீனி. சுண்ணாம்பு மிகுந்த மண்ணில் இரும்பு இருந்தும் வேருக்கு எட்டுவதில்லை. மாவட்டம் முழுவதும் ஒரே மண்ணன்று. முந்திரி விளையும் ஜெயங்கொண்டம், ஆண்டிமடம் பக்கத்துச் செம்மண் வேறு. பருத்தியும் மக்காச்சோளமும் சின்ன வெங்காயமும் விளையும் பெரம்பலூர்க் கரிசலோ முற்றிலும் வேறு. மாடித்தோட்டப் பைக்கென்று சொல்லப்பட்ட 'நாள்தோறும் நீர் ஊற்றுக' என்னும் அறிவுரையைக் கரிசல் தரையில் பின்பற்றினால் வேர் அழுகும். ஐப்பசி மழையில் நீர் தேங்காதிருக்க அங்கே மேட்டுப்பாத்தியே தேவை.

இணையத்தில் மிகச் சிறந்த தோட்டக் குறிப்புகள் பல இங்கிலாந்திலிருந்து வருகின்றன. அங்கே உள்ளாட்சி மன்றங்கள் குடும்பங்களுக்குச் சிறு காய்கறித் துண்டுகளைக் குத்தகைக்கு விடுகின்றன. 1908ஆம் ஆண்டுச் சட்டம் அதற்கு அடிப்படை. ஒரு முழுத்துண்டு ஏறத்தாழ 250 சதுர மீட்டர், நம் கணக்கில் ஆறு சென்ட்டுக்குச் சற்று மிகுதி. தலைமுறை தலைமுறையாகத் துண்டு நிலத்தில் உழைத்தோர் எழுதியவையாதலால் அக்குறிப்புகளில் ஒழுங்கும் நேர்மையும் உண்டு. ஆயினும் முட்டைக்கோசுப் பாத்திக்குச் சுண்ணாம்பு இடுக என்று அவர்கள் எழுதுவது, மழை சுண்ணாம்பை அரித்துச் சென்ற புளிப்பு மண்ணுக்காக. அதை அரியலூரில் செய்வது உப்பளத்தில் உப்பு விதைப்பதற்கு ஒப்பாகும். அவர்கள் அஞ்சுவது உறைபனியை. நாம் அஞ்சுவது சித்திரை வெயிலை.

ஆகவே நமக்கு அண்மையிலுள்ள ஊற்றுகளையே முதலில் நாடவேண்டும். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் வேளாண் இணையதளம் பயிர்வாரியாகத் தமிழிலேயே செய்தி தருகிறது. 2018இல் தமிழக அரசு வெளியிட்ட உழவன் செயலியும் உண்டு. 2004 முதல் இயங்கும் உழவர் அழைப்பு மையத்தை 1800-180-1551 என்னும் கட்டணமில்லா எண்ணில் அழைத்தால் தமிழிலேயே விடை கிடைக்கும். இவற்றுக்கும் மேலாக, மண்ணைக் கையில் எடுத்துச் சென்று கேட்கத்தக்க வேளாண் அறிவியல் நிலையங்கள் பெரம்பலூர் மாவட்டத்தில் வாலிகண்டபுரத்திலும் அரியலூர் மாவட்டத்தில் சோழமாதேவியிலும் உள்ளன. திரையில் பத்து மணி நேரம் தேடுவதைக் காட்டிலும் ஒருமுறை மண் ஆய்வு செய்துகொள்வது மேல் என்பது என் துணிபு.

பல்கலைக்கழகத் தளத்தில் ஓர் இடர்ப்பாடு உண்டு. அது பேசுவது எக்டேர்க் கணக்கில். நம் கொல்லையோ ஒரு சென்ட். வெண்டைக்கு எக்டேருக்கு 25 டன் தொழுவுரம், 8 கிலோ விதை என்றிருப்பதைக் கண்டு இல்லத்தரசி ஒருவர் மிரண்டு தளத்தை மூடிவிட்டால் அவர்மேல் பிழையில்லை. ஒரு எக்டேர் 247 சென்ட். ஆகச் சென்ட்டுக்கு நூறு கிலோ உரமும் ஏறத்தாழ முப்பது கிராம் விதையும் போதும். இந்தச் சிறு வகுத்தலைச் செய்து, பயிர்தோறும் ஒரு வரியாக எழுதி வைத்தால் எத்தனையோ குடும்பங்களுக்குப் பயன்படும்.

காணொளிகளைப் பற்றிச் சற்று எச்சரிக்கையோடு பேசவேண்டும். அவற்றுள் நல்லனவும் உள. ஆனால் ஒரே கரைசலால் எல்லாம் காய்க்கும் என்பாரையும், இறுதியில் ஒரு புட்டியை விற்க வருவாரையும் நம்புதற்கில்லை. நஞ்சைப் பற்றிய அறிவுரையோ உயிரோடு விளையாடுவது. 2017இல் பெரம்பலூர் மாவட்டப் பருத்திக் காடுகளில் பூச்சிக்கொல்லி தெளித்த உழவர் சிலர் அந்நஞ்சாலேயே மாண்டதை நாம் மறந்துவிடலாகாது. மோனோகுரோட்டோபாஸ் என்னும் கடும் நஞ்சைக் காய்கறிகளில் தெளிப்பது 2005ஆம் ஆண்டே தடைசெய்யப்பட்டது. எந்த மருந்து, எந்த அளவு, தெளித்த எத்தனை நாளுக்குப்பின் காய் பறிக்கலாம் என்று கூறாத காணொளியை அந்தக் கணமே விட்டுவிடுதல் நலம். பிள்ளைகள் பறித்து அப்படியே வாயிலிடும் வெள்ளரியில் நஞ்சுக்கு என்ன வேலை?

ஒரு குறிப்பை நம்புவதற்கு அளவுகோல் யாது? 12ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் செவில்லே நகரில் வாழ்ந்த இப்னுல் அவ்வாம் 'கிதாபுல் ஃபிலாஹா' என்னும் பெரிய வேளாண் நூலை அரபியில் யாத்தார். பிறர் சொன்னதைச் சொல்லும்போது அவர்தம் பெயரைக் குறிப்பிடுவதும், தம் கருத்தெனச் சொல்வதைத் தாமே பன்முறை செய்து பார்த்த பின்னரே எழுதுவதும் அவர் கைக்கொண்ட நெறி. இன்றைய இணையத்திடம் நாம் கேட்கவேண்டியதும் இதுவே: இதைச் செய்து பார்த்தவர் யார், எந்த ஊரில், எந்த மாதத்தில், எந்த மண்ணில்?

இங்கேதான் தமிழ்த்துறைக்குரிய பணி தொடங்குகிறது. நம் ஊர் மண்ணில் செய்து பார்த்தவர்கள் நம் வீட்டு மூதாட்டியர். அவர்கள் எழுதியதில்லை, ஆதலால் அவர்தம் அறிவு இணையத்தில் இல்லை. பந்தல் அவரையை ஆடியில் ஊன்ற வேண்டும், தையில் ஊன்றினால் கொடி படரும், காய் காணாது என்று அவர்கள் கூறுவர். பகற்பொழுது குறுகும்போதே அந்த அவரை பூக்கும் என்பது அறிவியல் தரும் விளக்கம். புதிய குத்தவரை இனங்களுக்கு அக்கட்டுப்பாடு இல்லை. இவ்வேறுபாட்டைச் சொல்லாமல் 'அவரை ஆண்டு முழுதும் காய்க்கும்' என்றெழுதும் ஒரு பக்கத்தை நம்பியவர், பந்தல் நிறைய இலையைத்தான் அறுவடை செய்வார்.

சொற்களும் ஊருக்கு ஊர் மாறுகின்றன. கொத்தவரை ஓரிடத்தில் சீனியவரை. மரவள்ளி வேறிடத்தில் குச்சிக்கிழங்கு. ஒரு சொல்லால் தேடுவோர்க்கு மறுசொல்லால் எழுதப்பட்டது அகப்படாது. வட்டார வழக்கைத் தொகுப்பது தமிழ் மாணவர்க்குப் புதிதன்று. லப்பைக்குடிக்காடு, வி.களத்தூர், குன்னம், செந்துறை, ஆண்டிமடம் என ஊருக்கு ஒரு மாணவர் தம் பாட்டியிடமோ நன்னியிடமோ அமர்ந்து கேட்டெழுதலாம். செடியின் பெயர், அதன் மறுபெயர், ஊன்றிய மாதம், மண், கிணற்றுநீர் உப்பா நன்னீரா, முதற்காய் பறித்த நாள், வந்த நோய், செய்த மருந்து, அது பலித்ததா பொய்த்ததா — ஒரு செடிக்கு ஒரு பக்கம் போதும். பொய்த்ததையும் எழுதவேண்டும், இணையத்தில் பெரும்பாலோர் மறைப்பது அதைத்தான். சொன்னவர் ஒப்பினால் ஊரும் ஆண்டும் சேர்த்து இணையத்தில் ஏற்றுவதற்குக் கணிப்பொறித் துறை மாணவர்கள் துணைநிற்பர். வரும் ஆடிப்பட்டத்திற்குள் பத்துச் செடிகளுக்கேனும் குறிப்பு திரண்டுவிடும்.