அலறுது ஆன்ட்டி வைரஸ்... நம்பலாமா?

நாளைக்கு ப்ராஜெக்ட் ரிவ்யூ. நெட்ல இருந்து இறக்கின சாஃப்ட்வேரைத் திறந்தா, 'ட்ரோஜன்!'னு ஆன்ட்டி வைரஸ் அலறுது. பக்கத்து ரூம் மாப்ள, "அது சும்மா கத்தும்டா, ஆஃப் பண்ணிட்டுப் போடு"ங்கிறான். கேட்கலாமா?

கொஞ்சம் பொறுங்க. மீனாட்சியம்மன் கோயில் வாசல்ல மெட்டல் டிடெக்டரைப் பார்த்திருப்பீங்க. பெல்ட் பக்கிளுக்கும் 'பீப்'தான், கத்திக்கும் 'பீப்'தான். அதுக்காக மெஷினை யாரும் ஆஃப் பண்றதில்லை. ஆளை நிறுத்திச் சோதிக்கிறாங்க. இங்கேயும் அதேதான்.

தப்பான அலாரம் நிஜமாவே உண்டு மக்களே! 2010 ஏப்ரல் 21-ல் மெக்காஃபி விட்ட ஒரு அப்டேட், விண்டோஸ் எக்ஸ்பி-யோட சொந்த ஃபைலையே வைரஸ்னு முடிவு கட்டிடுச்சு. உலகம் முழுக்க ஏகப்பட்ட கம்ப்யூட்டர்கள் திரும்பத் திரும்ப ரீஸ்டார்ட் ஆகித் தவிச்சது. நீங்களே எழுதின பைதான் ப்ரோக்ராமை 'பைஇன்ஸ்டாலர்' வெச்சு இ.எக்ஸ்.இ. ஆக்கினாலும் இந்தக் கதி நேரலாம். வைரஸ் எழுதுறவங்களும் அதே பைஇன்ஸ்டாலரைப் பயன்படுத்துறதால, ரெண்டுக்கும் முகஜாடை ஒண்ணா இருக்கும்.

ஆனா, எல்லா அலாரமும் பொய் இல்லை. 2023 மார்ச்சில் '3சிஎக்ஸ்'ங்கிற போன் சாஃப்ட்வேரை ஆன்ட்டி வைரஸ் தடுத்தப்ப, கம்பெனி அப்டேட்தானே, தப்பான அலாரமா இருக்கும்னு சிலர் நினைச்சாங்க. கடைசியில பார்த்தா, ஹேக்கர்கள் அந்தக் கம்பெனிக்குள்ளேயே புகுந்து அப்டேட்ல விஷம் கலந்திருந்தாங்க!

அப்ப என்ன செய்யலாம்?

* கண்ட சைட்ல இறக்கின ஃபைலை அழிச்சுட்டு, தயாரிச்சவங்க சைட்லயே புதுசா இறக்குங்க.

* 'வைரஸ்டோட்டல்' சைட்ல அந்த ஃபைலைப் போடுங்க. சுமார் 70 ஆன்ட்டி வைரஸ்கள் ஒரே நேரத்துல சோதிச்சுச் சொல்லும். ஒண்ணு ரெண்டு மட்டும் 'ஜெனரிக்', 'ஹியூரிஸ்டிக்'னு முனகினா, பெரும்பாலும் சந்தேகக் கேஸ்தான். பிரபலமானவை பலதும் ஒரே வைரஸ் பேரைச் சொன்னா, யோசிக்காம டெலீட்! ஒண்ணு கவனம்: அங்கே போடுற ஃபைல் மத்தவங்க கைக்கும் போகும். மார்க்‌ஷீட், ஆதார் எல்லாம் வேண்டாம்.

* குழப்பம் தீரலையா? ஆன்ட்டி வைரஸ் கம்பெனிக்கே ஃபைலை அனுப்பிக் கேளுங்க. பதில் வர்ற வரைக்கும் திறக்காதீங்க. மாட்டினது உங்க பைதான் ப்ராஜெக்ட்னா கவலையே இல்லை, ரிவ்யூவில் சோர்ஸ் கோடையே ஓட்டிக் காட்டலாம்.

* நல்ல ஃபைல்தான்னு உறுதியானா, அந்த ஒரு ஃபைலுக்கு மட்டும் விலக்கு கொடுங்க. சி டிரைவ் மொத்தத்துக்கும் கொடுத்துடாதீங்க.

கடைசியா, 'கிராக்' பார்ட்டிகளுக்கு ஒரு வார்த்தை. 'ஆன்ட்டி வைரஸை ஆஃப் பண்ணிட்டு இன்ஸ்டால் பண்ணவும்'னு ஒரு குறிப்பு கூடவே வருமே... "நாயைக் கட்டிப் போடுங்க, உள்ளே வர்றேன்"னு முகம் தெரியாத ஒருத்தன் ராத்திரி ரெண்டு மணிக்குக் கதவைத் தட்டினா, திறப்பீங்களா பாஸ்?