வீட்டு மாடியில் ஒரு விமானம்

வில்லாபுரத்தில் நின்று அண்ணாந்து பார்க்கும் வாலிபனுக்கு, மதுரை நிலையத்தில் வந்திறங்கும் விமானங்கள் புதுமையல்ல. ‘நாமே ஒன்று செய்தால் என்ன?’ என்று அவன் கேட்டால் நகைக்க வேண்டியதில்லை. 1910-ஆம் வருஷத்திலேயே, சென்னையில் ஹோட்டல் நடத்திய டி’ஆஞ்செலிஸ் என்பவர் சிம்ப்ஸன் கம்பெனியாரைக் கொண்டு விமானம் செய்வித்துப் பல்லாவரத்தில் பறந்து காட்டினார். நம் காலத்தில், மும்பையில் ஸ்ரீ அமோல் யாதவ் தம் வீட்டு மாடியிலேயே ஒரு விமானத்தைக் கட்டினார். பல வருஷங்கள் காரியாலயப் படிகளை ஏறியிறங்கிய பின்னரே, 2019-இல் அவருக்குப் பறக்க அனுமதி கிட்டியது.

ஆயினும், ஆர்வம் மாத்திரம் இறக்கையாகிவிடாது. பாகங்களைப் பெட்டியில் தருவித்துப் பூட்டுவோருக்கும் இது பொருந்தும். பழுதுற்ற மோட்டார் வண்டி சாலையோரம் நிற்கும். ஆகாயத்தில் நிற்க இடமேது? பாரம் பின்புறம் மிகுந்தால் மூக்கு மேலெழும், வேகம் குன்றும், இறக்கை தாங்கும் சக்தியை இழக்கும். பெட்ரோல் குழாயை அடைக்கும் சிறு தூசியே யந்திரத்தை நிறுத்திவிடும். ஆகவே, கட்டியவனுடைய கண் மட்டும் போதாது. கட்டந்தோறும் வேறொரு நிபுணர் சோதிக்க வேண்டும். எடை நிறுத்து, தரையில் ஓட்டிப் பார்த்த பின்னரே மேலெழலாம். முதன்முறை பறக்கையில் தேர்ந்த விமானி தவிர வேறெவரும் ஏறலாகாது.

சோதனையில் தளர்வு காட்டுமாறு சர்க்காரை நாம் கேட்கவில்லை. அதற்குக் காலவரையறை வேண்டும் என்கிறோம். மறுப்பதானால் காரணம் கூறி மறுக்கட்டும். குறை இன்னதென்று அறிந்தவன் அதைத் திருத்துவான். பதிலின்றிக் காத்திருப்பவனோ மனமுடைந்து போவான். மௌனம் ஒருநாளும் பாதுகாப்பாகாது.