சிவந்த கண்ணும் சம்பள விடுப்பும்



கண் சிவந்தால் "வெறும் சூடு" என்று சொல்லி, தாய்ப்பாலோ பக்கத்து வீட்டுச் சொட்டு மருந்தோ விட்டுக்கொண்டு பெரட்டுக்குப் போகிறோம். ஒரு நாள் கூலி போய்விடுமே என்ற அச்சம்தான் காரணம். அந்த அச்சம் கண்ணையே பறித்துவிடக்கூடும்.

சிவப்பு ஒன்று, காரணம் பல. பீளையும் உறுத்தலுமாக வீட்டில் ஒருவர்பின் ஒருவருக்கு வந்தால் அது தொற்றுக் கண்வலி. 1969இல் கானா நாட்டில் கிளம்பிய அத்தகைய நோய் 1970இல் சிங்கப்பூரையே பிடித்தது. கை கழுவுவதும் தனித் துண்டும் அதற்கு அணை. பெரும்பாலும் தானே ஆறும். அரிப்பே மிகுந்தால் ஒவ்வாமை.

பாலை உறைய வைக்கும் பார்மிக் ஆசிட் தெறித்தாலோ, அந்த நொடியே சுத்தத் தண்ணீரால் கால்மணி நேரமாவது கழுவிவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். மரப்பட்டைத் துணுக்குப் பட்டாலும் படாவிட்டாலும், சிவந்த கண்ணில் கடும் வலி, கூச்சம், பார்வை மங்கல், கருவிழியில் வெண்புள்ளி, இவற்றில் ஒன்று கண்டால் அன்றே கிள்ளான் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள். டாக்டர் சொல்லாமல் ஸ்டீராய்டு சொட்டு மருந்து விடுவது புண்ணுக்கு எரு போடுவதாகும்.

கூலி போகுமா? 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டப்படி, டாக்டர் சான்றிதழ் இருந்தால் ஆண்டுக்கு 14 நாள் சம்பளத்தோடு நோய் விடுப்பு உண்டு. ஐந்தாண்டு உழைத்தவருக்கு 22 நாள். இது தயவல்ல, உரிமை. கிராணிமார்களே, இதைப் பெரட்டில் உரக்கச் சொல்லுங்கள்! ஆசிட் கலக்கும் இடத்தில் குழாய்த் தண்ணீரும் காப்புக் கண்ணாடியும் வைக்கும்படி நிர்வாகத்தைக் கேட்போம்.

பார்வை இழந்தோருக்குத் தொண்டு செய்யப் பிரிக்பீல்ட்ஸில் சங்கம் உண்டு. பார்வை போகாமல் காப்பது நம் சங்கத்தின் கடமை.