படித்த செவிலியர் நோயாளியின் அருகே நிற்க வழி என்ன?

புதுதில்லி: செவிலியர் பணியில் முன்னேற விரும்பும் ஒருவருக்கு இந்தியாவில் இரண்டு வாயில்களே அகலத் திறந்திருக்கின்றன. முதுநிலைப் பட்டம் பெற்று நர்சிங் கல்லூரி ஆசிரியராவது ஒன்று. தகுதித் தேர்வு எழுதி வெளிநாடு செல்வது மற்றொன்று. முதல் வாயிலில் நுழைபவர் நோயாளியை விட்டு விலகுகிறார். இரண்டாவதில் நுழைபவர் நாட்டை விட்டே விலகுகிறார். படிப்பும் அனுபவமும் கூடக்கூட வார்டில் ஆள் குறையும் இந்த அமைப்பை மாற்றாமல், கல்லூரிகளின் எண்ணிக்கையை மட்டும் பெருக்குவதால் பயன் கிட்டுமா என்பதே இன்று எழுந்துள்ள கேள்வி.

2014-க்குப் பின் தொடங்கப்பட்ட மருத்துவக் கல்லூரிகளை ஒட்டி 157 அரசு நர்சிங் கல்லூரிகளை அமைக்க மத்திய அமைச்சரவை 2023 ஏப்ரலில் ஒப்புதல் அளித்தது. ஒரு கல்லூரிக்கு ரூ.10 கோடி வீதம் ரூ.1,570 கோடி இதற்கென ஒதுக்கப்பட்டது. ஆண்டுதோறும் சுமார் 15,700 பட்டதாரிச் செவிலியர் கூடுதலாகக் கிடைப்பர் என்பது எதிர்பார்ப்பு. அதே ஆண்டு ஆகஸ்டில், 1947-ஆம் ஆண்டின் இந்திய நர்சிங் கவுன்சில் சட்டத்துக்கு மாற்றாக, தேசிய செவிலியர் மற்றும் பேறுகாலப் பணியாளர் ஆணையச் சட்டம் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது.

இரண்டுமே வரவேற்கத்தக்கவை. ஆனால், பட்டம் பெற்று வரும் அந்தச் செவிலியர் பத்து ஆண்டுகளுக்குப் பிறகு எங்கே இருப்பார் என்ற கேள்விக்கு இவ்விரண்டிலும் நேரடியான விடை இல்லை.

பட்டம் உண்டு, பதவி இல்லை

செவிலியர் உயர்கல்வி இந்தியாவுக்குப் புதிதன்று. தில்லியிலும் வேலூரிலும் நான்காண்டுப் பட்டப்படிப்பு 1946-லேயே தொடங்கிவிட்டது. தில்லியில் இன்று ராஜகுமாரி அம்ரித் கௌர் பெயரில் இயங்கும் கல்லூரியில் 1959-ல் முதுநிலைப் படிப்பும் வந்தது. இன்று பட்டயப் படிப்பு முடித்தவர், இரண்டாண்டு கூடுதல் படிப்பின் வழியாகப் பட்டதாரி ஆகலாம். பட்டதாரி, ஓராண்டுப் பணி அனுபவத்துக்குப் பின் எம்.எஸ்சி. சேரலாம். மருத்துவ-அறுவைச் சிகிச்சை, குழந்தை நலம், மகப்பேறு, மனநலம், சமுதாய நலம் எனச் சிறப்புப் பிரிவுகளும் உள்ளன.

சிக்கல் அதன் பிறகுதான் தொடங்குகிறது. குழந்தை நலத்தில் முதுநிலைப் பட்டம் பெற்ற ஒருவரைக் குழந்தைகள் வார்டில் தனிப் பொறுப்புடன் அமர்த்துவதற்கான பணியிடம் பெரும்பாலான மருத்துவமனைகளில் இல்லை. மத்திய அரசு மருத்துவமனைகளில் நர்சிங் அதிகாரி என்ற தொடக்க நிலைப் பதவிக்கு ஏழாவது ஊதியக் குழுவின்படி அடிப்படை ஊதியம் ரூ.44,900. பட்டதாரிகளும், உரிய அனுபவம் கொண்ட பட்டயதாரிகளும் இப்பதவிக்கு வருகின்றனர். எம்.எஸ்சி. முடித்தவரும் இதே பதவியில், இதே ஊதியத்தில்தான் சேருகிறார். அதன் பின் பதவி உயர்வு பெரும்பாலும் பணிமூப்பைப் பொறுத்தே அமைகிறது. அந்த உயர்வும் கண்காணிப்பு, நிர்வாகம் என்ற திசையிலேயே செல்கிறது.

முதுநிலைப் பட்டம் கட்டாயமாகத் தேவைப்படும் இடம் கல்லூரி. எனவே பட்டம் பெற்றவர் அங்கே செல்வது இயல்பு. கற்பிப்பவர் வார்டில் பணியாற்றுவதில்லை. வார்டில் பணியாற்றுபவருக்குக் கற்பிக்கும் வாய்ப்பில்லை. புதிய கல்லூரிகள் திறக்கத் திறக்க, அனுபவம் மிக்கவர்களை வார்டிலிருந்து வகுப்பறைக்கு இழுக்கும் விசை மேலும் கூடும்.

இதை அரசு அறியாமல் இல்லை. தேவை மிகுந்த பகுதிகளில் சிறப்புத் தகுதி பெற்ற செவிலியர் பணிப் பிரிவை உருவாக்க வேண்டும் என்று 2017-ஆம் ஆண்டின் தேசிய சுகாதாரக் கொள்கை கூறியது. அதையொட்டிய காலத்தில், தீவிர சிகிச்சைப் பிரிவிலேயே தங்கிப் பயிலும் இரண்டாண்டு முதுநிலைப் படிப்பை நர்சிங் கவுன்சில் கொண்டு வந்தது. பேறுகாலப் பணிக்கான 18 மாதப் பயிற்சியின் வழிகாட்டு நெறிகள் 2018-ல் வெளியாயின. அதே ஆண்டு தொடங்கிய ஆயுஷ்மான் பாரத் திட்டத்தில் செவிலியர் பலர் சமுதாய சுகாதார அலுவலர்களாகத் துணை சுகாதார நிலையங்களுக்குத் தலைமை ஏற்றனர்.

நோயாளியை விட்டு விலகாமலேயே முன்னேற வழிகாட்டியவை இவை. எனினும், தீவிர சிகிச்சைப் படிப்பு முடித்தவர்களுக்கெனத் தனிப் பணியிடமும் ஊதிய விகிதமும் பரவலாக உருவாக்கப்படவில்லை. சமுதாய சுகாதார அலுவலர்களில் பெரும்பாலோர் ஒப்பந்த அடிப்படையில் இருப்பவர்கள். அமெரிக்காவில் கொலராடோ பல்கலைக்கழகம் 1965-ல் இத்தகைய படிப்பைத் தொடங்கியது. இன்று அந்நாட்டின் எல்லா மாநிலங்களிலும் அத்தகுதி பெற்ற செவிலியர் ஏதேனும் ஒரு வரம்புக்குள் மருந்து எழுதித் தரலாம். அங்கே படிப்புடன் அதிகாரமும் சேர்ந்து வளர்ந்தது. இங்கே படிப்பு மட்டும் வந்திருக்கிறது.

எழுத்தில் உள்ள ஊதியம்

தனியார் துறையில் நிலைமை இன்னும் கடினம். இந்தியப் பயிற்சி பெற்ற செவிலியர் சங்கம் தொடர்ந்த வழக்கில், தனியார் மருத்துவமனைச் செவிலியரின் ஊதியம், பணி நிலைமை குறித்து ஆராயக் குழு அமைக்குமாறு உச்ச நீதிமன்றம் 2016 ஜனவரியில் உத்தரவிட்டது. 200 படுக்கைகளுக்கு மேற்பட்ட மருத்துவமனைகளில் மாநில அரசுச் செவிலியருக்கு நிகரான ஊதியம், 100 முதல் 200 வரை இருந்தால் அதைவிட 10 சதவீதத்துக்கு மேல் குறையாத ஊதியம், 50 முதல் 100 வரை இருந்தால் 25 சதவீதத்துக்கு மேல் குறையாத ஊதியம், 50-க்கும் குறைவான இடங்களில் குறைந்தது மாதம் ரூ.20,000 என அக்குழு பரிந்துரைத்தது.

சுகாதாரம் மாநிலப் பட்டியலில் உள்ளதால் செயல்படுத்தும் பொறுப்பு மாநிலங்களிடம் சென்றது. நெடிய போராட்டத்துக்குப் பின் கேரளம் 2018 ஏப்ரலில் குறைந்தபட்ச ஊதியத்தை ரூ.20,000 என அறிவித்தது. தில்லி அரசின் சுகாதாரப் பணிகள் இயக்குநரகம் 2018 ஜூனில் பிறப்பித்த உத்தரவை எதிர்த்துத் தனியார் மருத்துவமனைகளின் அமைப்பு தொடர்ந்த வழக்கை, தில்லி உயர் நீதிமன்றம் 2019-ல் தள்ளுபடி செய்தது. ஆனால் நாடு முழுவதும் பரிந்துரை ஒரே சீராக நடைமுறைக்கு வரவில்லை.

கல்விக் கடன் வாங்கிப் படித்த ஒருவருக்கு இந்த இடைவெளியின் பொருள் எளிது. உள்ளூர்ச் சம்பளத்தில் கடன் அடையாது. ஆகவே அவர் புறப்படுகிறார்.

புறப்பாட்டின் கணக்கு

இந்தப் புறப்பாடு முதலில் நாட்டுக்குள்ளேயே நிகழ்கிறது. கேரளத்திலிருந்தும் வடகிழக்கு மாநிலங்களிலிருந்தும் செவிலியர் பெருநகரங்களுக்கு வருகின்றனர். அமெரிக்காவில் 13 வார ஒப்பந்தங்களில் ஊர் ஊராகச் சென்று கூடுதல் ஊதியம் பெறும் பயணச் செவிலியர் முறை உண்டு. இங்கே அந்த ஏற்பாடும் இல்லை. மாநிலம் மாறினால் பதிவையும் புதிதாகச் செய்ய வேண்டியிருந்தது. வெளியூர்ச் செவிலியரை நம்பி இயங்கும் மருத்துவமனைகளின் பலவீனம் 2020 மே மாதம் வெளிப்பட்டது. கொரோனா பரவிய அந்நாளில் கொல்கத்தா தனியார் மருத்துவமனைகளில் இருந்து 185 மணிப்பூர்ச் செவிலியர் பணியைத் துறந்து ஊர் திரும்பினர்.

அடுத்த கட்டம் வளைகுடா. அதன் பின் பிரிட்டன், ஜெர்மனி, அமெரிக்கா. இந்தப் பயணத்தின் விலை சில வேளைகளில் மிக அதிகம். 2014-ல் இராக்கின் திக்ரித் நகரில் போரில் சிக்கிய 46 இந்தியச் செவிலியர் ஜூலை 5-ஆம் தேதி கொச்சி வந்து சேர்ந்தனர். கடன் சுமையாலேயே போர்ச்சூழலிலும் வேலையை விட்டு வர முடியவில்லை என்று அவர்களில் பலர் அப்போது கூறினர்.

இடைத்தரகர்களின் கொள்ளையைத் தடுக்க, 2015-ல் மத்திய அரசு ஒரு கட்டுப்பாடு விதித்தது. குடியேற்ற அனுமதி தேவைப்படும் 18 நாடுகளுக்கான செவிலியர் தேர்வை, கேரளத்தின் நோர்கா ரூட்ஸ், தமிழகத்தின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் போன்ற அரசு சார்ந்த அமைப்புகளே நடத்த வேண்டும் என்பது அதன் சாரம். வளைகுடா நாடுகள் அந்தப் பட்டியலில் உள்ளன. பிரிட்டனும் அமெரிக்காவும் இல்லை. எனவே மேற்கு நோக்கிய பாதையில் தனியார் முகவர்களின் ஆதிக்கம் தொடர்கிறது.

இங்கே பலர் கவனிக்கத் தவறும் செய்தி ஒன்று உண்டு. பிரிட்டனோ அமெரிக்காவோ செல்ல இந்திய எம்.எஸ்சி. பட்டம் நிபந்தனை அன்று. மொழித் திறன் தேர்விலும் அந்நாட்டு உரிமத் தேர்விலும் வெற்றி பெற்றாலும், முதுநிலைப் பட்டதாரியும் பொதுவாகத் தொடக்க நிலைச் செவிலியராகவே சேருகிறார். அமெரிக்காவுக்கான வேலைவாய்ப்புக் குடியேற்ற விசாவுக்கு இந்தியர்கள் பத்தாண்டுக்கும் மேலாகக் காத்திருக்க நேர்கிறது. ஆக, மேற்படிப்புக்காகச் செலவிட்ட இரண்டு ஆண்டுகள் வார்டிலும் விலை பெறுவதில்லை. விமான நிலையத்துக்கு அப்பாலும் விலை பெறுவதில்லை. இதையறியாமல் கடனுக்கு மேல் கடன் வாங்கும் குடும்பங்கள்தான் இறுதியில் சுமையைத் தாங்குகின்றன.

செய்யக் கூடியவை

வெளிநாடு செல்லும் உரிமையைத் தடுப்பது நியாயமும் அன்று. நடைமுறைக்கு உகந்ததும் அன்று. அவர்கள் அனுப்பும் பணத்தில் பல குடும்பங்கள் தலைநிமிர்ந்திருக்கின்றன. ஊதியம் கூடினால் சிகிச்சைக் கட்டணமும் கூடும் என்று சிறு மருத்துவமனைகள் கூறுவதையும் முற்றிலும் ஒதுக்கிவிட முடியாது. ஆனால், பயிற்சி பெற்ற செவிலியர் ஆண்டுதோறும் விலகிச் செல்வதாலும், புதியவர்களுக்கு மீண்டும் மீண்டும் பயிற்சி அளிப்பதாலும் ஏற்படும் செலவை எந்த மருத்துவமனையும் கணக்கில் காட்டுவதில்லை. அதை நோயாளிகளே சுமக்கின்றனர்.

மத்திய அரசு தன் மருத்துவமனைகளிலிருந்தே தொடங்கலாம். தீவிர சிகிச்சை, பிறந்த குழந்தைப் பராமரிப்பு, பேறுகாலம் ஆகிய பிரிவுகளில் முதுநிலைத் தகுதிக்கெனத் தனிப் பதவியும் ஊதிய நிலையும் ஏற்படுத்தினால், தனியார் துறைக்கும் அது அளவுகோலாகும். கல்லூரி ஆசிரியரும் வார்டுச் செவிலியரும் பணி மாறிக்கொள்ளும் முறையைக் கொண்டு வரலாம். புதிய சட்டம் வகை செய்யும் தேசியப் பதிவேடு முழுமை பெற்றால் மாநிலம் விட்டு மாநிலம் செல்வோரின் அலைச்சல் குறையும்.

உலக சுகாதார அமைப்பு 2010-ல் ஏற்ற பன்னாட்டு நெறிமுறை, ஆள் எடுக்கும் நாடுகள் அனுப்பும் நாடுகளின் நலனையும் பேண வேண்டும் என்கிறது. ஜெர்மனியுடன் நோர்கா ரூட்ஸ் 2021-ல் செய்துகொண்ட ஏற்பாடு, அரசு அமைப்புகள் நேரடியாகப் பேசி ஆள் அனுப்ப முடியும் என்பதைக் காட்டியது. பிற நாடுகளுடன் பேசும்போது இங்குள்ள பயிற்சி இடங்களுக்கு உதவி, இந்திய முதுநிலைப் பட்டத்துக்கு அங்கீகாரம் ஆகியவற்றையும் கேட்டுப் பெறும் வலிமை இந்தியாவுக்கு உண்டு.

33 லட்சத்துக்கும் மேற்பட்டோர் நாட்டின் செவிலியர் பதிவேடுகளில் உள்ளனர். அவர்களில் எத்தனை பேர் நோயாளியின் அருகே நீடிக்கிறார்கள் என்பதைக் கொண்டே புதிய சட்டமும் புதிய கல்லூரிகளும் எடைபோடப்படும்.