ஓடைக்கு எதற்கு ஷாம்பு?

குட்டீஸ், தட்டானைப் பிடித்து வாலில் நூல் கட்டி விளையாடியிருக்கிறீர்களா? (ஆமாம் என்றால், அந்தப் பஞ்சாயத்தை இன்னொரு நாள் வைத்துக் கொள்வோம்!) அந்தத் தட்டானின் ஒல்லியான உறவுக்காரர்தான் ஊசித்தட்டான்.

மேற்குத் தொடர்ச்சி மலைக் காட்டு ஓடைகளில் ஓர் அழகான ஊசித்தட்டான் வாழ்கிறது. ஆங்கிலத்தில் ‘ஸ்ட்ரீம் குளோரி’ என்பார்கள். அறிவியல் பெயர், நியூரோபேசிஸ் சைனென்சிஸ். பெயரில் சீனா இருக்கிறதே என்று பார்க்காதீர்கள். 1758ல் லின்னேயஸ் என்ற அறிஞர் ‘சைனென்சிஸ்’ என்று எழுதி வைத்தார், அது அப்படியே ஒட்டிக் கொண்டது. நம் ஊர் ஓடையும் அதற்குச் சொந்த வீடுதான்.

பாறை மீது இறக்கைகளை மூடி உட்கார்ந்திருக்கும் ஆண் பூச்சியைப் பார்த்தால், ‘இதற்கா இவ்வளவு பேச்சு?’ என்று தோன்றும். இறக்கையைத் திறக்கட்டும்! பின் இறக்கைகள் இரண்டும் பச்சையும் நீலமுமாகப் பளீரென்று மின்னும். மிக மெல்லிய அடுக்குகளில் வெளிச்சம் பட்டுத் திரும்புவதால் வரும் மினுமினுப்பு அது. சோப்புக் குமிழியில் வண்ணம் தெரிகிறதே, கிட்டத்தட்ட அதே வித்தைதான்.

சோப்பு என்றதும்தான் சொல்ல வந்தது ஞாபகம் வருகிறது. சுற்றுலா போகிறோம். ஓடையைப் பார்த்ததும் பெரியவர்கள் ஷாம்பு பாக்கெட்டைக் கிழிக்கிறார்கள். நுரை தண்ணீரோடு போகிறது. பின்னாலேயே காலி பாக்கெட்டும் போகிறது. எனக்கு இது கொஞ்சமும் பிடிக்கவில்லை.

ஏன் தெரியுமா? இந்தப் பூச்சி பிறப்பதே தண்ணீருக்குள்தான். தாய்ப்பூச்சி நீரில் கிடக்கும் செடி, வேர்களில் முட்டையிடும். பொரித்து வரும் குஞ்சுக்கு இறக்கை கிடையாது. வால் நுனியில் மூன்று சின்ன இலைகள் போலச் செவுள்கள் இருக்கும். தண்ணீரில் கரைந்திருக்கும் காற்றை எடுத்துக் கொள்ள அவை உதவுகின்றன. மீனானாலும் பூச்சியானாலும், சோப்புத் தண்ணீர் செவுளைக் கெடுக்கும். ஓடையை விட்டு எழுந்து ஓடவும் அந்தக் குஞ்சால் முடியாது.

“ஒரு பாக்கெட்டில் ஓடை கெட்டுவிடுமா?” என்று மாமா கேட்பார். விடுமுறை நாளில் அங்கே குளிக்கிறவர்களை எண்ணிப் பார்க்கச் சொல்லுங்கள். ஆளுக்கு ஒரு பாக்கெட் என்றால் எத்தனை பாக்கெட்?

குளிக்க வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆசை தீர நனையுங்கள்! தலைக்கு ஷாம்பு போடுவதை வீட்டுக் குளியலறையில் வைத்துக் கொள்ளலாமே. இதை ஓடைக்கரையில் நின்று சொன்னால் யாரும் கேட்க மாட்டார்கள். முதல் நாள் இரவு, பை அடுக்கும்போதே அம்மாவிடம் சொல்லிவிடுங்கள். திட்டு விழுந்தால் இந்தப் பக்கத்தைக் காட்டுங்கள்!