சொந்த ஊருக்குச் சுற்றுலா

எங்கள் ஊரை நான் முதன்முதலாகக் காசு கொடுத்துத்தான் பார்த்தேன். 2024 ஓகஸ்ட் விடுமுறையில் மன்னார் நகரில் நாங்கள் தங்கிய விடுதியின் சுவரில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. மாலை நான்கு மணிக்குப் புறப்பாடு, ஸ்கூட்டியில் தீவைச் சுற்றி, தலைமன்னாரில் சூரியன் மறைவதைப் பார்த்துத் திரும்பலாம், கூடவே வழிகாட்டி வருவார் என்று அதில் இருந்தது. உம்மா அதை இரண்டு தடவை வாசித்தார். "எங்கட ஊர எங்களுக்கே காட்டப் போறாங்களாம்" என்று சிரித்தார். பிறகு "போவமே" என்றார்.

நான் பிறந்ததும் வளர்ந்ததும் புத்தளத்தில். ஆனால் யாராவது "ஊர் எது?" என்று கேட்டால் எங்கள் வீட்டில் எல்லோரும் எருக்கலம்பிட்டி என்றுதான் சொல்வோம். பார்க்காத ஊரைச் சொந்த ஊர் என்று சொல்லிப் பழகியவள் நான். வாப்பாவும் நானாவும் காணி பார்க்க நாலைந்து தடவை போய்வந்தார்கள். எங்களை யாரும் கூட்டிப் போகவில்லை. பஸ் கரைச்சல், வெயில், தங்க வசதியில்லை, பெண்பிள்ளைகளுக்கு அங்கே என்ன வேலை என்று ஒவ்வொரு முறையும் ஒரு காரணம் இருந்தது. உம்மா 2011இல் ஒரு ஜனாஸாவுக்காக வேனில் போய் அரை நாள் இருந்துவிட்டு வந்தார், அவ்வளவுதான். இந்த முறை சாச்சியின் மகளுக்கு மன்னாரில் வேலை கிடைத்ததால், அவளைக் கொண்டுபோய் விடுகிற சாட்டில் நாங்கள் மூன்று பெண்கள் புறப்பட்டோம்.

ஸ்கூட்டிக் கதையையும் சொல்லிவிட வேண்டும். நான் சாரதி அனுமதிப்பத்திரம் எடுக்கப் போகிறேன் என்றபோது வீட்டில் ஒரு கிழமை யாரும் என்னோடு சரியாகப் பேசவில்லை. அபாயா போட்டுக்கொண்டு ஓட்டுவது அழகா, சில்லில் சிக்கினால் யார் பொறுப்பு, சனம் என்ன சொல்லும் என்றெல்லாம் கேள்விகள் வந்தன. இரண்டாவது கேள்வி நியாயமானது. அபாயாவின் விளிம்பு சில்லில் சிக்குவது உண்மையான ஆபத்து. உள்ளே காற்சட்டை போட்டு, விளிம்பைத் தூக்கித் தொடைக்குக் கீழே செருகிக்கொண்டு, பின்னால் இருப்பவரும் இரண்டு பக்கமும் கால் போட்டு உட்கார்ந்தால் அந்த ஆபத்து பெரும்பாலும் இல்லை. மற்ற இரண்டுக்கும் என்னிடம் பதில் இல்லை, தேடவும் இல்லை. சவூதியிலேயே 2018 ஜூன் 24 முதல் பெண்கள் வாகனம் ஓட்டுகிறார்கள் என்று சொல்லிப் பார்த்தேன். "அது சவூதி, இது புத்தளம்" என்றார் வாப்பா. கடைசியில் உம்மாதான் காசு தந்தார்.

வழிகாட்டியாக வந்தவர் பேசாலையைச் சேர்ந்த ஒரு தம்பி. இருபத்திநாலு வயதிருக்கும். மூன்று ஸ்கூட்டிகள்: முன்னால் அவர், அடுத்து உம்மாவை ஏற்றிக்கொண்டு நான், பின்னால் மச்சி. முதலில் கோட்டை. போர்த்துக்கேயர் 1560இல் கட்டியது, 1658இல் ஒல்லாந்தர் பிடித்து பின்னர் திருத்திக் கட்டியது என்று மடமடவென்று சொன்னார். அதன் பக்கத்திலேயே தாம்போதி. யுத்தத்தில் உடைந்த பாலத்துக்குப் பதிலாக 2010இல் திறந்த புதுப் பாலத்தில்தான் நாங்களும் தீவுக்குள் வந்திருந்தோம். அடுத்து பள்ளிமுனையில் பெருக்கமரம். ஏழு நூற்றாண்டுக்கு மேல் வயது, 19 மீற்றருக்கு மேல் சுற்றளவு, ஆபிரிக்க மரம், அரபு வியாபாரிகள் கொண்டுவந்ததாகச் சொல்வார்கள் என்றார். யானைக் காலைப் போன்ற அந்த அடிமரத்தைச் சுற்றி வந்தபோது ஒரு கழுதை எங்களை அலட்சியமாகப் பார்த்துவிட்டு வேலியோரமாகப் போனது. "கழுதையும் அரபிகள் கொண்டுவந்ததுதான் எண்டு சொல்றவங்க" என்றார் தம்பி. மரத்துக்கும் கழுதைக்கும் வரலாறு சொன்னார். நான் கேட்டுக்கொண்டே இருந்தேன்.

கீரிக் கடற்கரையில் சோளகக் காற்று ஆளைத் தள்ளியது. சோளகம் பெயர்ந்தால் தெற்குக் கடல் இரைச்சலாகிவிடும், தொழிலாளர் பலர் வடக்குப் பக்கம் மாறிவிடுவார்கள். அந்தக் காற்றைப் பிடிக்கத்தான் 2020 டிசெம்பரில் திறந்த 30 காற்றாலைகள் தெற்குக் கரையில் வரிசையாக நிற்கின்றன. படம் எடுக்க அழகாகத்தான் இருக்கின்றன. ஆனால் அடுத்த ஆண்டு, 2025 ஓகஸ்டில், தீவில் இன்னும் காற்றாலைகள் வேண்டாமென்று மன்னார் மக்கள் வீதிக்கு இறங்கியதைச் செய்தியில் பார்த்தபோது, அன்று நான் எடுத்த படத்தில் என்ன இல்லை என்று யோசித்தேன். அழகைப் பார்த்துவிட்டுப் போகிறவருக்கு அங்கே இருப்பவரின் கவலை படத்தில் விழாது.

கீரியிலிருந்து தலைமன்னார் வீதிக்கு ஏறி மேற்கே ஓடினோம். பனங்கூடல், மணல், உடைமரப் பற்றை, இடைக்கிடை கழுதைகள். ஒரு சந்தி வந்தது. பெயர்ப்பலகையில் எருக்கலம்பிட்டி என்று போட்டிருந்தது. முன்னால் போன தம்பி வேகத்தைக் குறைக்கவில்லை. அவருடைய நிரலில் அந்த இடம் இல்லை. உம்மா என் தோளைத் தட்டினார்.

"நிப்பாட்டு மகள்."

தம்பி திரும்பி வந்தார். "அம்மா, இதுக்குள்ள பார்க்க ஒண்டும் இல்ல. ஆறரைக்கு முன்னம் தலைமன்னார் போகோணும், இல்லாட்டி சூரியன் போயிடும்."

"சூரியன் நாளைக்கும் வரும் மகன்" என்றார் உம்மா.

ஊருக்குள் பள்ளிவாசலைத் தாண்டி, ஆளிடம் கேட்டுக் கேட்டுப் போனோம். திரும்பி வந்து வீடு கட்டியவர்கள் இருக்கிறார்கள். புதுச் சுவர்கள், பிள்ளைகளின் சைக்கிள்கள் எல்லாம் கண்ணில் பட்டன. அவற்றுக்கு நடுவே உடைமுள் அடைத்த வெறும் வளவுகளும் உண்டு. எங்கள் வளவு அப்படி ஒன்று. உம்மா அதை அடையாளம் கண்டது வீட்டை வைத்தல்ல, கிணற்றை வைத்து. கட்டு இடிந்து, உள்ளே இலை விழுந்து கிடந்தது. கொஞ்ச நேரம் எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, யாரும் கேட்காமலே சொல்லத் தொடங்கினார்.

1990 ஒக்டோபர் கடைசி. உம்மாவுக்குப் பதினாலு வயது. மன்னார்த் தீவின் முஸ்லிம்கள் எல்லோரும் வெளியேற வேண்டும் என்று விடுதலைப் புலிகள் அறிவித்தார்கள். வடக்கு முழுவதிலுமிருந்து அந்த நாட்களில் வெளியேற்றப்பட்டவர்கள் ஏறத்தாழ எழுபத்தையாயிரம் பேர். எங்கள் ஊராரில் பலர் கடற்கரையில் காத்திருந்து, படகில் ஏறி, கற்பிட்டியில் இறங்கினார்கள். இவை எல்லாம் எனக்குத் தெரிந்தவைதான். வீட்டில் ஒவ்வொரு ஒக்டோபரிலும் பேசுவார்கள். எனக்குத் தெரியாத ஒன்றை உம்மா அந்தக் கிணற்றடியில் சொன்னார். உம்மும்மா பன்னோலைப் பாய் ஒன்று பின்னிக்கொண்டிருந்தாராம். பாதிதான் முடிந்திருந்ததாம். ஓலை காய்ந்தால் உடையும் என்று, புறப்படுகிற அன்று காலையிலும் அதன் மேல் தண்ணீர் தெளித்து ஈரச்சாக்கால் மூடிவிட்டு வந்தாராம். இரண்டு மூன்று நாளில் திரும்பி வந்து பின்னலாம் என்று நினைத்திருக்கிறார். உம்மும்மா 2003இல் புத்தளத்தில் மௌத்தானார்.

மச்சி வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றாள். தம்பி தலைக்கவசத்தைக் கையில் வைத்துத் திருப்பிக்கொண்டே இருந்தார். எங்களுக்குப் பின்னால் பனைகளுக்குள் சூரியன் இறங்கிவிட்டது. காசு கட்டிய காட்சியை நாங்கள் பார்க்கவில்லை. பள்ளியில் பாங்கு சொன்னார்கள். பக்கத்து வீட்டுப் பெண் ஒருவர் எங்களை உள்ளே கூப்பிட்டார். விசாரித்துப் பார்த்ததில் தூரத்து உறவும் வந்தது. மஃரிப் தொழுது, பிளேன்ரீ குடித்து வெளியே வந்தபோது தம்பி வாசலில் மூன்று ஸ்கூட்டியையும் நகரப் பக்கமாகத் திருப்பி வைத்திருந்தார்.

இருட்டில் திரும்பி ஓடினோம். இதை வாசிக்கும் பெற்றோர் இங்கேதான் நெற்றியைச் சுருக்குவார்கள் என்று தெரியும். மஃரிபுக்குப் பிறகு, அறியாத வீதியில், பெண்பிள்ளைகள் ஸ்கூட்டியில்! எனக்கும் பயமாகத்தான் இருந்தது. ஆனால் நான் பயந்தது கழுதைக்கு. அவை வீதி நடுவில் அசையாமல் நிற்கும். கிட்ட வரும்வரை தெரியாது. முன்னால் போன தம்பி கழுதையைக் கண்டால் இரண்டு தரம் பிரேக் விளக்கைக் காட்டுவார், நான் மச்சிக்குக் காட்டுவேன். ஆபத்து என்பதை இப்படி ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிப் பேசினால் அதற்கு ஒரு வழி செய்யலாம். "வெளியே போகாதே" என்று மொத்தமாகச் சொன்னால் எதற்கும் வழி செய்ய முடியாது. அதோடு இன்னொரு கணக்கும் இருக்கிறது. எங்களைப் பாதுகாத்து வீட்டில் வைத்ததால் எங்கள் ஊர் எங்களுக்குத் தெரியாமல் போனது. காணி உறுதி எங்கே இருக்கிறது, எல்லை எது, கிணறு எது என்று எங்கள் குடும்பத்துப் பெண்பிள்ளை ஒருத்திக்கும் தெரியாது. வாப்பாவுக்கும் நானாவுக்கும் மட்டும் தெரிந்த ஊர் பாதி ஊர்தான். பாய் விடயம் வாப்பாவுக்கே தெரியாது.

அடுத்த நாள் காலை தம்பி தானாகவே வந்தார். "நேற்று தலைமன்னார் காட்டாம விட்டுட்டன், காசு வேணாம்" என்றார். சுமார் 25 கிலோமீற்றர் ஓடி, வெளிச்சவீட்டையும் பழைய இறங்குதுறையையும் பார்த்தோம். 1914இல் இந்தத் துறைவரை ரயில் வந்தது. இங்கே இறங்கிக் கப்பல் ஏறினால் தனுஷ்கோடி. 1964 டிசெம்பர்ப் புயல் தனுஷ்கோடியை அழித்த பிறகு கப்பல் இராமேஸ்வரம் போனது. அதே 1964இன் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தால் நாடு மாற வேண்டியிருந்த மலையகத்து மக்கள் ஏராளமானோர் இந்தத் துறையில்தான் கப்பல் ஏறினார்கள். யுத்தத்தோடு கப்பல் நின்றது. 1990இல் நின்ற ரயில் மட்டும் 2015 மார்ச்சில் திரும்பி வந்தது. தம்பி இவ்வளவையும் தடங்கலில்லாமல் சொன்னார். சொல்லிவிட்டு, மணல் திட்டுகள் போகும் திசையைக் காட்டி, "நான் பிறந்தது அங்கால, மண்டபம் முகாமில" என்றார். அவருடைய அம்மாவும் 1990இல்தான், இரவில், படகில் போனவராம். எங்கள் ஆட்கள் தெற்கே கற்பிட்டிக்குப் படகேறிய அதே ஆண்டு. இரண்டையும் ஒரே தட்டில் வைத்து நிறுக்க நான் வரவில்லை. ஒருவர் குண்டுக்குப் பயந்து ஓடியதும் இன்னொருவர் போ என்று விரட்டப்பட்டதும் ஒன்றல்ல. அவர் பிறந்த கதையும் அவருடைய சுற்றுலாவில் இல்லை என்பதைத்தான் கவனித்தேன். வருகிறவர்களுக்குப் பிடிக்காது என்று நிறுவனம் சொல்லியிருக்கலாம். இல்லை, அவருக்கே சொல்லத் தோன்றாமலும் இருக்கலாம்.

1344இல் இலங்கைக்கு வந்த இப்னு பதூதா கூட வழிகாட்டிகளோடுதான் பாவா ஆதம் மலைக்குப் போனார். ஆரியச் சக்கரவர்த்தி துணைக்கு ஆட்களைக் கொடுத்தனுப்பினார். வந்தவர் எழுதி வைத்ததால் நமக்கு அந்த நாளைய முத்தும் துறைமுகமும் தெரிகிறது. கூட்டிப்போனவர்கள் என்ன சொன்னார்கள், எதை விட்டார்கள் என்று யாருக்கும் தெரியாது. ஒரு ஊரைப் பற்றி வெளியே போகும் பேச்சை முடிவு செய்பவர் வழிகாட்டி. அந்த இடத்தில் நம் பெண்பிள்ளைகள் ஏன் இல்லை என்பதுதான் என் கேள்வி. நம் நாட்டில் சுற்றுலா வழிகாட்டிக்கு சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபை அனுமதிப்பத்திரம் கொடுக்கிறது. நாடு முழுவதற்கும் ஒன்று, ஒரு பிரதேசத்துக்கு மட்டும் ஒன்று என்று வகைகள் உண்டு. பரீட்சையில் நல்ல புள்ளி எடுக்கும் தோழியர் எத்தனை பேர் பட்டம் முடித்து நியமனக் கடிதத்துக்காக ஆண்டுக்கணக்கில் வீட்டில் காத்திருக்கிறார்கள்! மொழி தெரியும், பேச்சுப் போட்டியில் பேசுவார்கள், வீட்டில் கேட்ட கதை தலை நிறைய இருக்கிறது. பெண்களும் குடும்பங்களும் வரும்போது பெண் வழிகாட்டி இருந்தால் தொழுகை நேரத்தை யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. சூரியன் மறையும் சுற்றுலா என்றால் அது மஃரிப் வக்து என்று அவளுக்குத் தெரிந்திருக்கும்.

புறப்படும்போது தம்பி என்னைக் கேட்டார்: "அக்கா, இனி வாற ஆக்கள எருக்கலம்பிட்டிக்கும் கூட்டிக்கொண்டு போகலாமா? என்ன சொல்லோணும்?" நான் யோசித்தேன். வெளியேற்றத்தை ஐந்து நிமிடத்தில் எப்படிச் சொல்வது, அதை யார் சொல்ல வேண்டும், காசு வாங்கிக்கொண்டு சொல்லலாமா என்று ஒன்றும் பிடிபடவில்லை. உம்மா எனக்கு முன்னால் பதில் சொன்னார்: "கிணத்தக் காட்டுங்க மகன். நல்ல தண்ணி எண்டு சொல்லுங்க. மிச்சத்த இவள் வந்து சொல்லுவாள்."

எங்கள் தமிழ் மன்றம் வரும் ஏப்ரல் விடுமுறையில் மன்னாருக்கு மூன்று நாள் பயணம் ஒழுங்கு செய்கிறது. எட்டு மாணவியர், இரண்டு ஆசிரியைகள். அனுமதிப்பத்திரம் உள்ளவர்கள் ஸ்கூட்டி ஓட்டலாம், மற்றவர்கள் பின்னால் இருக்கலாம், தலைக்கவசம் எல்லோருக்கும் கட்டாயம். பெற்றோர் கையொப்பமிட வேண்டிய படிவம் நூலகத்தில் இருக்கிறது. என்னுடையதில் உம்மா கையொப்பமிட்டுவிட்டார். வாப்பா இரண்டு நாளாக அதை வாசித்துக்கொண்டிருக்கிறார்.